கப்பலில் பிறக்காத வசைச்சொல்

'ஷிட்' என்ற ஆங்கில வசைச்சொல் கப்பலில் பிறந்தது உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இது: அந்தக் காலத்தில் காய்ந்த சாணத்தை மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்புவார்களாம். அடித்தளத்தில் ஈரம் பட்டால் நொதித்து மீத்தேன் சேருமாம். விளக்கோடு யாராவது இறங்கினால் வெடிக்குமாம். ஆகவே உயரத்தில் வைக்கச் சொல்லி, 'ஷிப் ஹை இன் டிரான்சிட்' என்று மூட்டையில் பொறித்தார்களாம். அதன் முதலெழுத்துகளே அந்தச் சொல்லாம்.

ஈரச் சாணத்திலிருந்து மீத்தேன் வருவது உண்மை. அந்த ஒரு துளி வேதியியல்தான் மீதிப் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறது. ரேடார், லேசர் என்று முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. இந்தச் சொல்லின் உறவோ, பழைய ஆங்கிலத்திலேயே மாட்டின் வயிற்றுப்போக்குக்குப் பெயராக இருந்தது.

அந்த உறவைப் பின்தொடர ஓர் ஒலிவிதி உதவும். அதன் வரலாறு இவ்வளவு போதும்: தேவதைக் கதைகளைத் தொகுத்த யாக்கோப் கிரிம், 1822இல் அதை விளக்கி எழுதினார்.

அந்த விதி அழகானது. ஒரே தொல்மொழியின் வழி வந்த சொற்களில், சமஸ்கிருதத்தில் மெல்லிய 'த' (d) ஒலிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ட' (t) ஒலிக்கும். தசம், டென். தந்தம், டூத். துவி, டூ. பிளத்தல், பிரித்தல் என்று பொருள்படும் தொல்வேர் ஒன்று சமஸ்கிருதத்தில் 'சித்' ஆனது. நாம் புழங்கும் சேதமும் சிரச்சேதமும் அதன் வழி வந்தவை. கிரேக்கத்தில் அதே வேர் 'ஸ்கிசோ'. ஸ்கிசோஃப்ரீனியா என்ற நோய்ப்பெயரில் இருப்பது அதுதான். ஜெர்மானிய மொழிகளில் விதிப்படி 'த', 'ட'வாகி, உடலிலிருந்து பிரிந்து போவதற்குப் பெயரானது.

கல்யாண மண்டபத்தில் ஒரே மூக்கோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்துச் சித்தப்பா தீவைவிட்டு நகராதவர். 'ஸ்கீட்டா' என்று மூக்கை அதிகம் மாற்றாமல் வைத்திருக்கிறார். ஜெர்மன் பெரியப்பாவிடம் அது 'ஷைஸ'. 'ட' தேய்ந்து 'ஸ' ஆகிவிட்டது. ஆங்கில மாமா 'ஸ்க்'கை 'ஷ்' ஆக்கிக்கொண்டு, நுனியில் 'ட்'டை விடாமல் பிடித்திருக்கிறார். எதிர்வரிசையில் கிரேக்க அத்தையும் சமஸ்கிருதப் பெரியம்மாவும். இவர்களுக்கெல்லாம் மூத்த தாத்தாவை யாரும் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகளின் மூக்குகளை ஒப்பிட்டே மொழியியலாளர்கள் அவர் முகத்தை வரைந்திருக்கிறார்கள்.

மூட்டையில் குத்திய முத்திரை இத்தனை மொழிகளில், இத்தனை ஒழுங்காக மாறியிருக்க முடியாது. இனி ஒரு வசைச்சொல்லுக்கு அரசாணை, வெடிவிபத்து என்று சுவையான கதை வந்தால், பக்கத்து மொழிகளில் அதற்குச் சொந்தம் உண்டா என்று தேடுங்கள். பழைய சொந்தம் இருந்தால் முதலெழுத்துக் கதை பொய்.