காய்க்குத் தொட்டுக்கச் சோறு

வங்கியில் முப்பத்திமூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆறு வருடமாகத் தூயமல்லி பயிர் செய்கிறேன். உப்புரம் போடாமல், மருந்து அடிக்காமல், நானே பார்த்துப் பார்த்து விளைவித்த நெல். அந்தச் சோற்றை ஆசைதீரச் சாப்பிட முடியாமல் போனதுதான் போன வருடம் எனக்கு வந்த சோதனை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.4 என்று வந்தது. "சோத்தைக் குறைங்க சார்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

நான் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசியை நிறுத்திவிட்டு, அதே அளவு சாமையும் வரகும் சாப்பிட்டேன். சிறுதானியம்தானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற நினைப்பு. சர்க்கரை அசையவே இல்லை. பிறகுதான் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். நூறு கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமை, வரகு, கேழ்வரகில் 65, 67 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான்! சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்டு, தண்ணீரும் கொஞ்சமாகத்தான் கேட்கும், பயிர் செய்ய ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் அதுவும் சோறுதான். 'சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஓடிப்போகும்' என்று மேடையில் சொன்னபோது கைதட்டியவன் நான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த தப்பு, சோற்றைக் குறைத்துவிட்டு வேகவைத்த காயை மட்டும் தின்றது. நாலு மணிக்கு வயிறு கத்தும். முறுக்கு டப்பாவைத் தேடிக் கை போகும். குறைத்த மாவுச்சத்துக்குப் பதிலாகப் பருப்பு, கடலை, முட்டை, தயிர், நல்ல எண்ணெய் என்று எதுவும் தட்டில் இல்லை. செலவை மட்டும் வெட்டிவிட்டு வரவைக் கவனிக்காத கணக்கு எத்தனை நாளைக்கு ஓடும்?

அந்தச் சமயத்தில்தான் வீட்டம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனது. அடுப்படி என் பொறுப்பு. எனக்குக் காபி போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. மகள் ஒரு வெளிநாட்டுச் சமையல் புத்தகம் அனுப்பினாள். பாதாம் மாவு ரொட்டி, வெண்ணெய்ப்பழம், பாலாடைக்கட்டி என்று இருந்தது. நம்ம ஊர்ச் சந்தைக்கு அது ஒத்துவராது. ஆனால் அதில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதார்த்தத்தின் கீழும் ஒருவருக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று போட்டிருந்தார்கள்.

இன்னொரு புத்தகம் அலமாரியிலேயே இருந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951-ல் முதலில் வந்தது. அட்டை கிழிந்த அம்மாவின் பிரதி. அதைப் புரட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. உசிலி, கூட்டு, பச்சடி, துவையல், மோர்க்குழம்பு என்று நம் சமையலில் பாதி, மாவுச்சத்து குறைந்தவைதான். அவற்றைக் கரண்டியால் தொட்டுக்கொண்டு, சோற்றை மலையாகக் குவித்தது நம் பழக்கம். தட்டைத் திருப்பிப் போட்டேன். காய் மலை, சோறு கைப்பிடி.

வெளிநாட்டுப் புத்தகத்தின் பழக்கத்தை அம்மாவின் புத்தகத்தில் ஏற்றினேன். அட்டவணையைப் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் கிராம் கணக்கு. ஒரு உதாரணம், கொத்தவரங்காய் உசிலி, இரண்டு பேருக்கு:

துவரம்பருப்பு 50 கிராம், நிலக்கடலை 50 கிராம், ஒன்றரை மணி நேரம் ஊற வைக்கவும். தண்ணீரை வடித்து, நான்கு காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் கால் மணி நேரம் வேக வைத்து, ஆறியதும் உதிர்க்கவும். கொத்தவரங்காய் 300 கிராம், பொடியாக நறுக்கி மஞ்சள்தூள், உப்பு போட்டு வேக வைத்து வடிக்கவும். நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த பருப்பைச் சிறுதீயில் பொலபொலவென்று வரும்வரை வறுத்து, காயைச் சேர்த்துப் பிரட்டி இறக்கவும். மாவுச்சத்து ஒருவருக்குச் சுமார் 25 கிராம். நிலக்கடலை சேர்த்தது என் மாற்றம். பருப்பு மட்டும் போட்டால் கணக்கு ஏறிவிடும்.

முன்பு மதியம் 150 கிராம் அரிசிச் சோறு சாப்பிடுவேன். அதிலேயே 117 கிராம் மாவுச்சத்து. இப்போது 40 கிராம் அரிசி, உசிலி, கீரை மசியல், மோர் எல்லாம் சேர்த்தே சுமார் 65 கிராம். வயிறும் நிறைகிறது, முறுக்கு டப்பா ஞாபகமும் வருவதில்லை.

ஒளிந்திருக்கும் மாவையும் கவனியுங்கள். கூட்டு கெட்டியாக அரிசிமாவு கரைத்து ஊற்றுவோம், அதற்குப் பதில் வறுத்த நிலக்கடலைப் பொடி போடலாம். மோர்க்குழம்புக்கு ஊறவைத்த அரிசியை விட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் துவரம்பருப்போடு தேங்காயைக் கூட்டி அரையுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். உருளையும் சேனையும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பருப்பு, முட்டையைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஏழு மாதத்தில் 8.4 என்பது 7.0 ஆனது, மாத்திரையோடுதான். இது என் ஒருவன் கணக்கு.

தட்டு மாறியதும் வயலும் கொஞ்சம் மாறியது. வரப்பில் துவரை, வேலியோரம் அவரை, முருங்கை. மாசிப்பட்டத்தில் அரை ஏக்கர் எள். கீரைக்குத் தனிப் பாத்தி.

வீட்டம்மா இப்போது நடமாடுகிறார். அன்றைக்கு உசிலியை வாயில் போட்டுவிட்டு, "உப்பு கம்மி. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். முப்பது வருடம் அவர் சமைத்ததை நான் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கைப்பிடி தூயமல்லிச் சோற்றைக் கடைசியில், மோர் ஊற்றி, மெதுவாகச் சாப்பிடுகிறேன். குவித்துச் சாப்பிட்ட காலத்தில் இந்த வாசனை எனக்குத் தெரிந்ததே இல்லை.