தொலைநோக்கிகளின் பார்வைப் புலம்

மக்கட்கு ஆண்டவன் அருளிய இரு கண்களும் ஒருங்கே நோக்குங்கால் இடம் வலமாக ஏறத்தாழ 180 பாகை அளவு காண வல்லன. தொலைநோக்கியோ, சேய்மைப் பொருளை அண்மையிற் காட்டும் உதவிக்கு விலையாக, இப்பரப்பின் பெரும்பகுதியைப் பறித்துக்கொள்கின்றது. கருவியினூடே ஒரே நோக்கில் அடங்கும் இடத்தின் அகலமே பார்வைப் புலம் எனப்படும். பெருவிலை கொடுத்து வாங்கிய கருவி இக்குறையை முற்றும் நீக்கிவிடும் என்பார் உளர். அக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

துப்பாக்கியின்மேற் பொருத்தும் குறிநோக்கிகளுள் உயர்ந்தனவாக மதிக்கப்படுவன ஜெர்மானியரின் ஷ்மிட் அண்டு பெண்டரும் அமெரிக்கரின் நைட்ஃபோர்ஸும் ஆம். இவ்விரு நிறுவனத்தாரும் 5 மடங்கு முதல் 25 மடங்கு வரை உருப்பெருக்கும் கருவிகளைச் செய்கின்றனர். 100 மீட்டர் தொலைவில் முன்னதன் புலம் 5 மடங்கில் 5.3 மீட்டர், 25 மடங்கில் 1.5 மீட்டர். பின்னதன் புலம் முறையே ஏறத்தாழ 6.2 மீட்டரும் 1.64 மீட்டரும் ஆகும்.

பெருக்கம் ஐந்து மடங்கு உயரின் புலம் ஐந்தில் ஒன்றாகக் குறைதல் இயல்பு. 5.3 மீட்டரில் ஐந்தில் ஒன்று ஏறத்தாழ 1.1 மீட்டரே, கருவி காட்டுவதோ 1.5 மீட்டர். காரணம் யாதெனின், குறைந்த பெருக்கத்திற் கண்ணுக்குத் தோன்றும் வட்டம், மூங்கிற் குழலினூடே நோக்கினாற்போலச் சுருங்கிவிடுகின்றது. எனவே, இரு கருவிகளை ஒப்பிட விரும்புவோர் புலத்தின் அளவைப் பெருக்கத்தின் அளவால் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். 25 மடங்கில் முன்னதற்கு 37.5-ம் பின்னதற்கு 41-ம் கிடைக்கும். எண் மிகுந்ததே கண்ணுக்கு அகன்ற வட்டத்தைக் காட்டுவது.

இவ்வளவையாற் பறவை நோக்குவோரின் இரட்டைக் கண்ணாடியையும் அளந்தறியலாம். ஆஸ்திரியரின் ஸ்வரோவ்ஸ்கி என்.எல். ப்யூர் என்னும் 8 மடங்குக் கருவி 1000 மீட்டர் தொலைவில் 159 மீட்டர் அகலம் காட்டும். 100 மீட்டருக்குக் கணக்கிடின் 15.9 மீட்டர், அதனை எட்டாற் பெருக்க 127 ஆகின்றது. குறிநோக்கியினும் மும்மடங்கு! துப்பாக்கி வெடிக்கும்பொழுது பின்னோக்கி உதைக்குமாதலின், குறிநோக்கியினின்று கண்ணை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் விலக்கி வைத்தல் வேண்டும். இரட்டைக் கண்ணாடிக்கோ 2 சென்டிமீட்டரளவே போதும். சாளரத்தை அணுகி நிற்பவன் அகன்ற தெருவைக் காண்கின்றான். விலகி நிற்பவன் ஒரு வீட்டையே காண்கின்றான். எத்துணைப் பொன் கொடுப்பினும் இவ்விதி மாறாது.

திருவிடந்தைக் கரையில் நின்று 1000 மீட்டருக்கு அப்பாற் கடலை நோக்குவோமாயின், இரட்டைக் கண்ணாடியிற் பல படகுகள் ஒருங்கே தோன்றக்கூடும். 25 மடங்குக் குறிநோக்கியில் 15 மீட்டர் அகலமே, ஒரு படகும் அதனருகே சிறிது நீருமே, புலப்படும். படகிலுள்ளோர் முகத்தை அறிதற்கு அது உதவும். மற்றொரு படகு அணுகுவதை அறிய உதவாது. துப்பாக்கி ஏந்தியவனுக்கு இக்குறை அற்பமன்று. அவ்வட்டத்திற்கு வெளியே நின்று அடுத்த நொடியில் உட்புகும் ஆட்டையோ, சிறுவனையோ அவன் காணமாட்டான். ஆதலினன்றோ, குறிபார்க்குமுன் குறைந்த பெருக்கத்தில் வைத்துச் சூழல் முழுதும் நோக்குக என அறிந்தோர் கூறுவர்!

நம் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்குச் சான்று பகரும். அவ்வூர் ஏரியிற் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு வந்தனர் என்றும், ஊரார் முறையிட்டனர் என்றும் கூறுவர். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு எழுதிக் கொடுத்தார். சுடுவோன் கண்டது கிளைமேல் இருந்த ஒரு நாரையை மட்டுமே. உழவர் கண்டதோ மரம், ஏரி, வயல் ஆகிய அனைத்தையும். பறவையின் எச்சம் நீரிற் கலந்து பயிருக்கு உரமாவதை அவர் அறிந்திருந்தனர். கருவி ஏதுமின்றியே அவர்தம் பார்வைப் புலம் அகன்றிருந்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் அவ்வேரி இடம்பெற்றது. கார்த்திகை முதல் மாசி வரை அங்குச் செல்லும் மாணாக்கர், பெருக்கம் மிகுந்த கருவியை நாடாது, 8 மடங்குக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு செல்வாராக. கூழைக்கடாவும் அதன் கூடும், கூட்டைத் தாங்கும் நீர்க்கடம்பும் ஒருங்கே தோன்றும். ஒன்றை உற்று நோக்குதல் கல்விக்கு இன்றியமையாதது. அதன் அயலில் நிற்பவற்றையும் மறவாது காணுதலே அறிவுக்கு அழகாம்.