கையிலே டிக்கெட்... உள்ளே நாற்காலி உண்டா? கச்சேரிக்குப் போகுமுன் படியுங்கள்!

சென்னை, டிச.—

மார்கழி வரப் போகிறது. சென்னையில் பாட்டு மழை கொட்டப் போகிறது!

மயிலாப்பூர், தி.நகர், திருவல்லிக்கேணி, பாரிமுனை... எங்கே திரும்பினாலும் சபா வாசலில் பந்தல், பேனர், கேண்டீன் நெய் வாசனை. இன்னொரு பக்கம் சினிமா இசையமைப்பாளர்களின் மைதானக் கச்சேரி விளம்பரங்கள். செல்போனைத் திறந்தால் போதும், "முந்துங்கள்... முந்துங்கள்..." என்று கண் சிமிட்டுகின்றன.

நான் வழக்கமாக எழுதுவது ஜேப்படி, செயின் பறிப்பு, சாக்கடை அடைப்பு. ராகம், தாளம் எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டம் தெரியும். கூட்டம் கூடுகிற இடத்தில் என்னென்ன நடக்கும் என்பதும் தெரியும். அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு ஊரைச் சுற்றினேன்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவருக்கு உள்ளே நாற்காலி உண்டா?

சில இடத்தில் "உண்டு" என்று பதில் வந்தது. சில இடத்தில் "சந்தேகம்தான்"! டிக்கெட்டே வாங்காமல் ராஜாவாக உட்கார்ந்து கேட்கிற இடமும் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

குமாஸ்தாவின் கண்ணீர்க் கதை

ராயப்பேட்டையில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். வயது ஐம்பதைத் தாண்டி விட்டது. "பேரெல்லாம் போடாதீங்க தம்பி" என்று கேட்டுக் கொண்டார்.

சில வருஷங்களுக்கு முன் நகருக்கு வெளியே ஒரு சினிமாப் பாட்டுக் கச்சேரி. மகளுக்குப் பிறந்த நாள் வந்தது. மனைவி, மகன், மகள், இவர் என்று நாலு டிக்கெட் எடுத்தார். தீபாவளி போனசில் பெரும் பகுதி அதற்கே போய் விட்டது.

"மூணு மணிக்கே கிளம்பினோம். ரோட்ல வண்டி நகரவே இல்ல. கடைசி ரெண்டு கிலோ மீட்டர் நடந்தே போனோம். கேட்டுகிட்ட போனா ஒரே தள்ளுமுள்ளு. 'உள்ள ஃபுல்லாயிடுச்சு, எடமில்ல'ங்கறான். டிக்கெட்ட நீட்டறேன், யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. பொண்ணு கூட்டத்துல மாட்டிகிட்டு 'அப்பா... அப்பா'ன்னு கத்தறா. அவ கையப் புடிச்சு இழுத்துகிட்டு வெளிய வந்தா போதும்னு ஆயிடுச்சு தம்பி. பாட்டு ரோடு வரைக்கும் கேட்டுச்சு. அவ வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தா."

பணம் திரும்ப வந்ததா சார்?

"போன் போட்டேன், மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்ல."

ஊரே பார்த்த ஞாயிற்றுக்கிழமை

இது யாரோ ஒருவர் கதைதானே என்று நினைக்க வேண்டாம். ஊரே பார்த்த சம்பவமும் உண்டு.

ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி ஒன்று 2023 ஆகஸ்டு 12-ந் தேதி நடப்பதாக இருந்தது. மழை கெடுத்தது. செப்டம்பர் 10-ந் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள். இடம் கிழக்கு கடற்கரை சாலையில் பனையூர்.

அன்று மாலை அந்த சாலையே ஸ்தம்பித்துப் போனது. டிக்கெட் வைத்திருந்த ஏராளமான பேர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் தவித்தன. கூட்டத்தில் சிலர் கைவரிசையைக் காட்டி அத்துமீறியதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். ஏற்பாட்டாளர்கள் மீது போலீசார் வழக்குப் போட்டார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக் கொண்டார்.

உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

ஏன் நடக்கிறது இந்தக் கூத்து?

கட்டிடத்துக்கு அளவு உண்டு. நாற்காலியை எண்ணிவிடலாம். மைதானத்தை எப்படி எண்ணுவது? கயிறு கட்டி 'கோல்டு', 'சில்வர்' என்று பிரிக்கிறார்கள். கயிற்றைத் தாண்டி ஒருவன் குதித்தால் பின்னாலேயே நூறு பேர் குதிக்கிறார்கள். நிஜமான டிக்கெட்காரர் தன் இடத்தில் வேறு ஆள் நிற்பதைப் பார்த்து விழிக்கிறார்.

இன்னொன்று, நேரம். சபாவுக்கு ஜனங்கள் நாள் முழுக்கப் பிரித்து வருகிறார்கள். மைதானத்துக்கோ எல்லோரும் ஒரே ஒரு மணி நேரத்தில், ஒரே ரோட்டில் வருகிறார்கள். முன்னால் கேட்டை மூடி விட்டது பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. அவர் தள்ளுகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவரும் தள்ளுகிறார். நசுங்குவது நடுவில் இருக்கிற பெண்களும் பிள்ளைகளும்தான்.

பாடம் படித்தவர்களும் உண்டு. அனிருத் கச்சேரி 2025 ஜூலை 26-ந் தேதி திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. டிக்கெட் கேட்டு வந்த கூட்டத்துக்கு இடம் போதாது என்று ஒத்தி வைத்தார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி கூவத்தூரில் பெரிய இடத்தில் நடத்தினார்கள். கூட்டத்துக்குத் தகுந்த இடத்தைத் தேடுவதுதான் முறை. இடம் போதாதென்று தெரிந்த பிறகும் டிக்கெட்டை விற்றுக் கொண்டே போவது வியாபாரம் அல்ல, சூதாட்டம்!

சபாவில் எப்படி?

சென்னையின் டிசம்பர் சீசனுக்கு வயது நூறை நெருங்குகிறது. 1927-ல் இங்கே காங்கிரஸ் மகாநாடு நடந்தபோது கூடவே இசை மகாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கும் முன்னால், 1900-லேயே திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கி விட்டது. சென்னையை 'இசை நகரம்' என்று யுனெஸ்கோ 2017-ல் தன் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த சபாக்கள் ஒரு பெரிய காரணம்.

அகாடமி கட்டிடத்துக்கு நேரு 1955-ல் அடிக்கல் நாட்டினார். 1962-ல் திறந்தார்கள். உள்ளே சுமார் 1,600 நாற்காலி. டிக்கெட்டில் நம்பர் இருக்கும். அந்த நம்பர் நாற்காலியிலும் இருக்கும். நாற்காலி தீர்ந்தால் கவுண்டரை மூடி விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்!

சபாவிலும் குறை இல்லாமல் இல்லை. முன் வரிசை பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கும் 'சீசன் டிக்கெட்'காரர்களுக்கும் போய் விடுகிறது. பெரிய வித்வான் பாடும் நாளில் அன்றைய டிக்கெட்டுக்கு விடியுமுன்பே கியூ நிற்பது இந்த ஊர் வழக்கம். நின்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் காசைக் கொடுத்து விட்டு ஏமாறுவது இல்லை. வாசலிலேயே தெரிந்து விடுகிறது.

டிக்கெட்டே வேண்டாம்!

இப்போது வருகிறேன் முக்கியமான சமாச்சாரத்துக்கு.

அந்த ராயப்பேட்டை குமாஸ்தாவை நான் சந்தித்தது போலீஸ் ஸ்டேஷனில் அல்ல, கோர்ட்டிலும் அல்ல. பகல் ஒரு மணிக்கு ஒரு சபா ஹாலில்!

பெரும்பாலான சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. இளம் வித்வான்கள், வித்வாம்சினிகள் ஒன்றரை மணி நேரம் போலப் பாடுகிறார்கள். வயலின் உண்டு, மிருதங்கம் உண்டு, சில நாள் கடமும் உண்டு. இன்றைக்கு சாயங்காலம் 'ஹவுஸ்புல்' ஆகிற பெரியவர்களில் பலர், ஒரு காலத்தில் இந்தப் பகல் மேடையில் பாடியவர்கள்தான்.

நான் போன அன்று மேடையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் பாடிக் கொண்டிருந்தார். கீழே எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு பேர்! அதில் பாதி பேர் தலை நரைத்தவர்கள். மற்ற நாற்காலி எல்லாம் காலி. அந்தப் பெண்ணோ ஹால் நிரம்பி வழிவது மாதிரி கண்ணை மூடிப் பாடிக் கொண்டிருந்தார். எனக்கு மனசு என்னவோ செய்தது. அங்கே டிக்கெட் வாங்கியும் நாற்காலி இல்லை. இங்கே நாற்காலி இருந்தும் ஆள் இல்லை!

என் வரிசையில் டிபன் பாக்சை மடியில் வைத்துக் கொண்டு ஒருவர் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தார். அவர்தான் நம் குமாஸ்தா.

"கச்சேரின்னா பணக்காரங்க சமாச்சாரம்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினேன். வாட்ச்மேன் 'உள்ள போய் ஒக்காருங்க சார், இது ஃப்ரீதான்'னாரு. அன்னிலேர்ந்து டிசம்பர் வந்தா சாப்பாட்டு நேரத்துல இங்கதான். ராகம் பேர் எதுவும் தெரியாது. நல்லா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்."

மிருதங்கக்காரர் 'தனி' வாசிக்க ஆரம்பித்ததும் நாலைந்து பேர் எழுந்து கேண்டீன் பக்கம் நடையைக் கட்டினார்கள். "பாவம், அந்தப் பையன் இதுக்குத்தான் காலையிலேர்ந்து காத்திருப்பான்" என்றார் குமாஸ்தா. அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

எங்கே போகலாம்?

பாரிமுனை கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ்ப் பாட்டுக்கென்றே 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் அங்கே நடக்கும். ஐகோர்ட்டு மெட்ரோவில் இறங்கி நடந்து விடலாம். மயிலாப்பூர் சபாக்களுக்குத் திருமயிலை பறக்கும் ரயில் வசதி. தி.நகரில் ஜி.என்.செட்டி ரோட்டில் வாணி மகால் இருக்கிறது, கிருஷ்ண கான சபாவும் தி.நகரில்தான். ஸ்கூட்டரை எடுத்துப் போய் பிளாட்பாரத்தில் நிறுத்தாதீர்கள். நடப்பவர் ரோட்டில் இறங்கி பஸ்சில் அடிபடுகிறார்.

போகுமுன் அந்த சபாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பகல் கச்சேரி எத்தனை மணிக்கு, அனுமதி இலவசம்தானா என்று கேட்டுக் கொள்ளுங்கள். சபாவுக்கு சபா மாறும்.

மைதானத்துக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு... உஷார்!

* டிக்கெட்டை அறிவித்த இடத்தில் மட்டும் வாங்குங்கள். "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கு, பாதி விலை" என்று செல்போனில் வரும் ஆசாமியிடம் பணம் அனுப்பாதீர்கள். ஒரே டிக்கெட் படத்தைப் பத்து பேருக்கு விற்பது சுலபம். முதலில் 'ஸ்கேன்' செய்தவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் வெளியே!

* டிக்கெட்டில் நாற்காலி நம்பர் இருக்கிறதா, வெறும் பகுதி பெயர்தானா என்று பாருங்கள். வெறும் பகுதி பெயர் என்றால் சீக்கிரம் போனவருக்குத்தான் இடம்.

* கழுத்துச் செயினை வீட்டில் கழற்றி வையுங்கள். பர்சும் செல்போனும் பின் பாக்கெட்டில் வேண்டாம். ஜேப்படி ஆசாமிக்குப் பாட்டு தெரியாது, பாக்கெட் தெரியும்.

* உள்ளே போனதும் முதல் வேலை, வெளியே வரும் வழி எது என்று பார்த்து வைப்பது. குடும்பத்தோடு போனால், தொலைந்து போனால் சந்திக்க ஒரு இடம் பேசிக் கொள்ளுங்கள்.

* கேட்டில் தள்ளுமுள்ளு என்றால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை மார்புக்கு முன்னால் மடித்து, மூச்சு விட இடம் வைத்துக் கொண்டு, பக்கவாட்டில் மெல்ல ஒதுங்குங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியவே குனியாதீர்கள்.

* இரவு 10 மணிக்கு மேல் வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த விதி. தாமதமாக ஆரம்பித்தால் வெட்டுப்படுவது நீங்கள் காசு கொடுத்த பாட்டுதான்.

ஏமாந்தால் என்ன செய்வது?

ஆபத்து என்றால் 112. ஆன்லைனில் பணம் பறி போனால் உடனே 1930. டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் டிக்கெட், பணம் கட்டிய ரசீது, வாசலில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

இதைக் குமாஸ்தாவிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டார்.

"அப்ப தெரியாம போச்சு தம்பி. டிக்கெட்ட அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

கிழிக்காதீர்கள். அது வெறும் காகிதம் அல்ல, உங்களுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு நாற்காலி. அதை எண்ணிப் பார்த்த பிறகே போலீசாரும் மாநகராட்சியும் மைதானக் கச்சேரிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். கூட்டம் கூடிய பிறகு லத்தியை எடுத்து என்ன பிரயோஜனம்?

கச்சேரி முடிந்தது. முப்பத்தொரு பேரும் கை தட்டினோம். மேடையில் இருந்த பெண் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். குமாஸ்தா காலி டிபன் பாக்சைப் பையில் போட்டுக் கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிகிட்டு வரேன் தம்பி. முன் வரிசையிலயே ஒக்கார வைக்கறேன். இங்க யாரும் அவள வெளிய தள்ள மாட்டாங்க."