பாஸ்போர்ட் கோபேயில், நான் ஒசாகாவில்... ஜப்பானில் 11 நாள் பேக்பேக் பயணம் கற்றுத்தந்தது என்ன?

ஒசாகாவின் நம்பா ரயில் நிலையம். பகல் 11.50 மணி. காபி வாங்கலாம் என்று இடுப்பில் கைவைத்தபோதுதான் உறைத்தது, இடுப்புப் பையைக் காணோம்! உள்ளே பாஸ்போர்ட், 32,000 யென் ரொக்கம், ஏழு கோயில்களில் முத்திரை வாங்கிய சின்ன நோட்டு. நாராவில் ரயில் ஏறியதும் அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தது ஞாபகம் வந்தது. அந்த ரயிலோ ஒசாகாவோடு நிற்பதில்லை, கோபே வரைக்கும் போகிறது.

அன்று மாலை ஐந்தரைக்குள் கோயாசான் மலையில் இருக்கும் ஒரு கோயில் விடுதிக்குப் போயாக வேண்டும். பணம் முன்கூட்டியே கட்டியாச்சு. ஜப்பானில் சுற்றுலாப் பயணிகள் எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். விடுதியில் நகல் எடுத்துவைப்பார்கள். “பொண்ணு தனியா அவ்ளோ தூரம் போகணுமா?” என்று கோவையில் அம்மா கேட்டபோது நான் அடித்துவிட்ட வசனமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

பை கிடைத்ததா? சொல்கிறேன். அதற்கு முன், அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று பார்த்துவிடலாம்.

எவ்வளவு ஆச்சு?

நண்பர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கட்டணம் நீங்கலாக, 11 நாள்களுக்கு எனக்கு ஆனது சுமார் 1,15,000 யென், அதாவது 69,000 ரூபாய். இரண்டு வருடம் மாதாமாதம் எடுத்துவைத்த பணம்.

மிச்சம் பிடித்தது ரயிலில்தான். ஜப்பான் என்றாலே ‘ஜேஆர் பாஸ்’ எடுக்கச் சொல்வார்கள். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் போக ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். என்னைப் போல ஒரு முறை மட்டும் கடப்பவர்களுக்கு பாஸ் கட்டுப்படியாகாது. நான் இரவுப் பேருந்தில் போனேன். அதில் பாதிக்கும் குறைவான செலவு, ஒரு இரவு விடுதி வாடகையும் மிச்சம். கழுத்து வலி மட்டும் இலவசம்.

சாப்பாடுதான் சோதனை. நான் முட்டை சாப்பிடுவேன், மீன், இறைச்சி கிடையாது. காய்கறி சூப் என்று நம்பி வாங்கினால் அதிலும் ‘தாஷி’ இருக்கும். உலர்த்திய மீனையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது. நம் வீட்டுச் சமையலில் புளிக்கரைசல் மாதிரி அங்கே எல்லாவற்றிலும் சேரும். புளிப்பான உமேபோஷி வைத்த சோற்று உருண்டை, அவித்த முட்டை, வாழைப்பழம் என்று பாதி நாள்கள் 24 மணிநேரக் கடைகளின் தயவில்தான் ஓடின.

டோக்கியோவில் கெட்ட பலன்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாசலில் ‘தோரி’ எனப்படும் வளைவு இருந்தால் அது பெரும்பாலும் ஷிண்டோ ஆலயம். அங்கே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிந்து வணங்க வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கூப்பினால் போதும். இது தெரியாமல் முதல் நாளே கைதட்டி, பக்கத்தில் நின்ற பாட்டியைத் திரும்பிப் பார்க்கவைத்தேன்.

அது அசாகுசாவில் உள்ள சென்சோஜி, டோக்கியோவின் மிகப் பழைய பௌத்தக் கோயில். 628இல் மீனவச் சகோதரர்கள் இருவரின் வலையில் கன்னோன் சிலை கிடைத்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. அங்கே 100 யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி, விழும் குச்சியில் உள்ள எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து பலன் சீட்டு எடுக்கலாம். எனக்கு வந்தது கெட்ட பலன். கவலை வேண்டாம், அதை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். நானும் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடந்தபோது ஒன்று உறுத்தியது. குப்பைத்தொட்டியே கண்ணில் படவில்லை. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கிறது. அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். இரண்டாம் நாளிலிருந்து என் பையிலும் ஒரு குப்பைக் கவர் வந்துவிட்டது.

கியோட்டோவில் ‘உபயம்’

புஷிமி இனாரி ஆலயத்தின் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரிகளை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் திறந்திருக்கும். பகலில் போனால் பிறர் செல்ஃபிக்குள்தான் நடக்க வேண்டும் என்று காலை ஐந்தரைக்கே போனேன். ஏறும்போது சிவப்பு மட்டும்தான் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு தூணின் பின்புறமும் கறுப்பு எழுத்துகள். மொபைலில் மொழிபெயர்த்துப் பார்த்தால், கொடுத்தவர் பெயரும் தேதியும்! பெரும்பாலும் கம்பெனிகள், கடைகள். நம்ம ஊர்க் கோயில் டியூப்லைட்டில் எழுதும் ‘உபயம்’தான். வியாபாரம் செழிக்க இனாரி தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வைப்பது.

சஞ்சூசான்கென்டோவில் படம் எடுக்கத் தடை. சுமார் 120 மீட்டர் நீளமுள்ள மர மண்டபத்தில் 1,001 கன்னோன் சிலைகள். அவற்றுக்கு முன்னால் நிற்கும் காவல் தெய்வங்களின் பெயர்ப் பலகையைப் படித்தபோது நின்றுவிட்டேன். போன்டென் என்பது நம் பிரம்மா, தைஷாகுதென் இந்திரன், இறக்கையோடு புல்லாங்குழல் ஊதும் கருரா நம் கருடன். பௌத்தத்தோடு சேர்ந்து, சீனா வழியாக அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். போனை எடுக்க முடியாததால் ஒரு மணி நேரம் வெறும் கண்ணால் பார்த்தேன். பயணத்தில் நன்றாக நினைவிருக்கும் இடம் அதுதான்.

கியோட்டோவில் இன்னொன்றும் புரிந்தது. கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்தவர்களால், 2024இல் சில தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கிறது. நகரப் பேருந்தில் என் பெரிய பேக்பேக் ஒரு பள்ளி மாணவரின் முகத்தில் இடித்தபோது, அந்தப் பலகை எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியது. மறுநாள் பையை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டே சுற்றினேன்.

நாராவில் தொலைத்தது

நாராவின் தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். 752இல் அவருக்குக் கண் திறந்தவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாக இருக்கட்டும் என்று. அந்தத் தூரிகை இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே ரயிலில் உட்கார்ந்தவள்தான் பையை விட்டுவிட்டு இறங்கினேன்.

நம்பா நிலைய அலுவலகத்தில் இருந்தவர் பதறவில்லை, என்னையும் பதறவிடவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் மூன்றே கேள்விகள். எத்தனை மணி ரயில்? எத்தனையாவது பெட்டி? எந்தப் பக்க இருக்கை? நல்லவேளை, நாரா பிளாட்பாரத்தில் எடுத்த செல்ஃபியில் நேரப் பலகையும் பெட்டி நிற்கும் எண்ணும் விழுந்திருந்தன. அவர் போன் செய்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் வாட்ஸ்அப் மெசேஜைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.45க்குத் தலையாட்டினார். “கோபே.”

அங்கே போய், படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டதும் பை கைக்கு வந்தது. ரொக்கம் ஒரு யென் குறையவில்லை. யாரோ ஒரு பயணி எடுத்துக் கொடுத்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

‘ஜப்பானியர்கள் நேர்மையானவர்கள்’ என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனா, அதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடும் இருக்கிறது. தொலைந்த பொருளுக்கென்றே அங்கே தனிச் சட்டம் உண்டு. கண்டெடுத்துக் கொடுப்பவருக்குப் பொதுவாக 5 முதல் 20 சதவீதம்வரை நன்றித்தொகை கேட்க உரிமை உண்டு. மூன்று மாதத்தில் உரியவர் வராவிட்டால், அடையாள ஆவணங்கள் போன்றவை தவிர, பொருளே கண்டெடுத்தவருக்குச் சேரலாம். ஒப்படைப்பதற்கு, பேட்டைக்குப் பேட்டை ‘கோபன்’ என்ற சின்ன காவல் மையம். நல்லவராக இருப்பது அங்கே சிரமமான வேலை இல்லை.

கோயாசான்: ஒரு இரவு

மூன்று மணி ரயில், மலையேறும் கேபிள் கார், அப்புறம் பேருந்து. 5.15க்கு விடுதி வாசலில் நின்றேன். நகல் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்த இளம் துறவி, சாப்பாடு தயார் என்றார். 14,000 யென் வாடகையில் இரண்டு வேளை உணவும் சேர்த்தி. அது ‘ஷோஜின் ரியோரி’ என்ற துறவியர் உணவு. மீன் இல்லை, வெங்காயம், பூண்டும் இல்லை. எள் டோஃபு, காய்கறி டெம்புரா, சோறு. பத்து நாளில் முதல் முறையாக எதையும் விசாரிக்காமல் சாப்பிட்டேன்.

816இல் கூகாய் என்ற துறவி தொடங்கிய மடாலய ஊர் இது. 835இல் அவர் இறக்கவில்லை, தியானத்தில்தான் இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஒகுனோயின் இடுகாட்டில் உள்ள அவர் சன்னதிக்கு இன்றும் தினமும் இரண்டு வேளை உணவு போகிறது. ஜீவசமாதி தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கல்லறைகள். நடுவே, கரையான் ஒழிப்புத் தொழில் செய்பவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காக வைத்த நினைவுக்கல்லும் உண்டு!

மறுநாள் காலை வழிபாட்டில் தீ வளர்த்து ‘கோமா’ செய்தார்கள். நம் ஹோமம்தான். நினைவுப் பலகைகளில் சித்தம் என்ற பழைய வடமொழி எழுத்து. ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று போவதற்கும் துறவிகள் படித்த அந்த எழுத்து முறைதான் காரணம். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், ஒண்ணாம் வகுப்பு ஞாபகம் வரும்.

கிளம்பும் முன்

* ரயில், பேருந்து ஏறும்போது நேரப் பலகையை ஒரு படம் எடுத்துவையுங்கள். தொலைத்தால் அதுதான் துப்பு.
* பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இடுப்பில் வேண்டாம், சட்டைக்குள் கழுத்தில் மாட்டுங்கள்.
* சைவம் என்றால், மீன் சாறும் வேண்டாம் என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
* கோயில் விடுதிகளில் சாப்பாட்டு நேரம் மாறாது. மாலை ஐந்துக்குள் போய்விடுங்கள்.
* குப்பைக்கு ஒரு கவர், கோயில் முத்திரைக்குச் சில்லறை (பெரும்பாலும் 300 முதல் 500 யென்) அவசியம்.

பாஸ்போர்ட் கதையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். அம்மா, பை கிடைச்சிடுச்சு!