கீமோவுக்கு முன்பே முட்டையைக் காப்பது ஏன்? எப்படி?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத்தான் தாக்கும் என்பார்கள். சினைப்பையில் உறங்கும் முட்டைகள் பெருகுவதே இல்லையே, அவை ஏன் அழிகின்றன? சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் டி.என்.ஏ. இழைகளையே பிணைத்துச் சிதைக்கின்றன; உறங்கும் செல்லும் அதற்குத் தப்பாது. பிறக்கும்போதே இருக்கும் முட்டைகள்தான் ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுமைக்கும். இழந்ததை உடல் மறுபடி ஆக்கித் தராது.

அதனால் சிகிச்சைக்கு முன்பே முட்டைகளை எடுத்து வைக்கிறார்கள். சுமார் 2 வாரம் ஹார்மோன் ஊசி. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால், ஈஸ்ட்ரோஜன் ஏறாதிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்ப்பார்கள். எடுத்த முட்டையை மெல்ல உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகி அதைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே நீரை வெளியேற்றும் காப்புக் கரைசலில் ஊறவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். படிகம் உருவாகாமல் முட்டை கண்ணாடி போல இறுகுகிறது.

2 வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கும், பூப்படையாத சிறுமிகளுக்கும்? சினைப்பையின் மேலடுக்கிலிருந்து திசுத் துண்டுகளை எடுத்து உறையவைக்கலாம். பெல்ஜியத்தில் ஹாட்ஜ்கின் லிம்போமா கண்ட ஒரு பெண்ணிடம் 1997-இல் எடுத்த திசுவை 2003-இல் திரும்பப் பொருத்தினார்கள். 2004-இல் அவர் பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். லுகேமியா போன்ற ரத்தப் புற்றுநோய்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: திசுவோடு புற்றுச்செல்லும் உடலுக்குள் திரும்பிவிடக்கூடும்.

இத்தனை வழி இருந்தும், இதைப் பற்றி யாரும் சொல்லாமலே கீமோவுக்குப் போகும் பெண்கள் பலர். திருமணமாகவில்லை என்பது பேசாமலிருக்கக் காரணமே அல்ல; முட்டையைச் சேமிக்கக் கணவர் தேவையில்லை. மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே.