ஹெர்ப்பிஸ் குருதிச் சோதனையும் ஐயமான முடிவுகளும்

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் நோயை உண்டாக்கும் இரண்டாம் வகை வைரசை அறிய ‘எலிசா’ முறையில் குருதி சோதிக்கப்படுகிறது. இச்சோதனை வைரசை நேரடியாகக் காண்பதில்லை. அதற்கெதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளையே காண்கிறது. வேறு எதிர்ப்பொருள்களும் சில வேளைகளில் அதே விளைவைத் தருவதுண்டு.

1,000 பேரில் 100 பேருக்குத் தொற்று இருப்பதாகவும், சோதனை நூற்றுக்கு 95 அளவு சரியானது எனவும் கொள்வோம். தொற்றுடையோரில் 95 பேருக்கும், தொற்றில்லாத 900 பேரில் 45 பேருக்கும் ‘தொற்று உண்டு’ என்றே முடிவு வரும். அதாவது, அம்முடிவைப் பெறும் மூவரில் ஏறத்தாழ ஒருவருக்குத் தொற்றே இல்லை. தொற்று அரிதாக உள்ள மக்களிடையே இப்பிழையின் பங்கு மேலும் பெருகும்.

ஆகவே, முடிவுடன் தரப்படும் குறியீட்டெண்ணையும் நோக்குதல் வேண்டும். அது 3.0க்குக் குறைவாயின், வேறொரு முறையில் மறுசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டுமென அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. அண்மையில் தொற்றியிருக்கலாம் என ஐயுற்றால், 12 வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். புண் தோன்றியிருப்பின், அதிலிருந்து எடுக்கும் மாதிரியைச் சோதிப்பதே சிறந்தது.

உறுதிப்படாத ஒரு தாளைக் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தையோ இல்லறத்தையோ ஐயுறுதல் அறிவியலுக்கும் அறத்திற்கும் ஒவ்வாது.