படத்தோட மூடை மாத்துறது: ஒரு போடி மலைப் படமும் நாலு ஸ்லைடரும்

ஒரே படத்தைக் குளுகுளுன்னும் காட்டலாம், வறண்டும் காட்டலாம். அதுக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், இல்லேன்னா போன்ல ஸ்நாப்சீட் போதும். இந்தக் குறிப்புக்காக நான் எடுத்துக்கொண்டது, போடி மலையடிவாரத்தில் பிப்ரவரி கடைசியில் எடுத்த ஒரு படம். முன்னால் மாந்தோப்பு. பின்னால் குரங்கணிப் பக்கம் ஏறும் மலைச்சரிவு. தோப்பு பச்சை, சரிவில் புல் காய்ந்து வைக்கோல் நிறம்.

முதலில் வெளிச்சம். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தாலே மதிய வெயில் மழைக்கு முந்தைய இருட்டு மாதிரி ஆகிவிடும். இது சின்ன விஷயம் இல்லை. 1994 ஜூனில் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை டைம் பத்திரிகை இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே போட்டது. கடையில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிட்டது. பெரிய கண்டனம் எழுந்தது.

இரண்டாவது ஒயிட் பேலன்ஸ். பகல் வெயில் சுமார் 5500 கெல்வின், குண்டு பல்பு வெளிச்சம் சுமார் 2800. கெல்வின் கூடக்கூட வெளிச்சம் நீலமாகும். ஆனா ரா கோப்பைத் திறந்து அந்த எண்ணை 7000-க்கு ஏத்தினா படம் மஞ்சளாகுது! ஏன்? 'வெளிச்சம் நீலமா இருந்திருக்கு'ன்னு நாம் சொன்னதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு, சரிக்கட்ட மஞ்சளைச் சேர்க்கிறது. 7000-ல் என் படம் சாயங்காலம். 4000-ல் மார்கழி விடியல்.

மூன்றாவது கான்ட்ராஸ்ட். கர்வ்ஸ் கோட்டை 'எஸ்' வடிவில் வளைத்தால் பாறையும் நிழலும் முறுக்கேறி நிற்கும். கோட்டின் இடது நுனியை மட்டும் மேலே தூக்கினால் கறுப்பு சாம்பலாகி, மேகமலை மூடுபனி மாதிரி ஒரு மென்மை வரும்.

நான்காவது நிறம். சேச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களை மட்டும் அதிகமாக ஏற்றும். ஹியூ நிறத்தையே இன்னொன்றாக மாற்றும். இங்கேதான் ஒரு சிக்கல். நம்ம கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலையில் பெரும்பகுதியை மென்பொருள் மஞ்சள் கணக்கில்தான் வைத்திருக்கும். அதனால தோப்பைப் பசுமையாக்க மஞ்சளின் ஹியூவைப் பச்சைப் பக்கம் தள்ளுவோம். தோப்பு செழிக்கும். கூடவே சரிவில் காய்ந்த புல்லும் பச்சையாகிவிடும். என் படத்தில் பிப்ரவரி மாதம் ஐப்பசியாகிவிட்டது.

2018 மார்ச் 11-ஆம் தேதி இதே குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுக்குப் படங்கள் காரணம்னு நான் சொல்ல வரலை. ஆனா மாசி, பங்குனியில் அந்தச் சரிவின் வைக்கோல் நிறம் ஒரு செய்தி: இங்கே ஒரு பொறி விழுந்தா போதும். படத்தைப் பார்த்து 'அடுத்த வாரம் போலாமா'ன்னு கேட்கிறவருக்கு அந்த நிறம் தெரியணும்.

அதனால நான் வைத்திருக்கும் பழக்கம் இது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட் ரெண்டையும் படம் முழுக்க அளவாகத் தொடுவேன். ஹியூவைத் தொட்டே ஆகணும்னா தோப்பை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்துக்கொள்வேன், சரிவு அப்படியே இருக்கும். அசல் கோப்பின் மேல் சேமிக்காமல் வேறு பெயரில் சேமிப்பேன். படத்தின் கீழே ஊரோடு மாதமும் வருஷமும் எழுதுவேன். மூடை எவ்வளவு மாத்தினாலும், அந்த ஒரு வரி பார்க்கிறவருக்குப் பருவத்தைச் சொல்லிவிடும்.